வெறுங்குழியார்

ஆய்வகத்தில் அவருக்கு வெறுங்குழியார் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. யார் என்ன சோதனை செய்துவிட்டு வந்து, நன்றாக வந்திருக்கிறது என்று பல்லைக் காட்டினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "வெறும் குழியைப் பார்த்தியா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் விழித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் அது. அவருக்கும் தெரியும். தெரிந்து, உள்ளூரக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தார்.

விஷயம் இதுதான். எச்.ஐ.வி கிருமியின் மேலே முள்முள்ளாக நிற்கிற உறைப்புரதம்தான் அதன் சாவி. அது எந்தச் செல்லின் பூட்டுக்குப் பொருந்துகிறதோ அந்தச் செல்லுக்குள்தான் கிருமி போக முடியும். உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடி வந்து அந்தச் சாவியைக் கவ்விப் பிடித்துவிட்டால், கிருமி வாசலிலேயே நின்று வீணாகப் போகும். நோயாளிகளின் இரத்தத்திலிருந்து இந்த உறைகளின் மரபணுவை எடுத்து, ஒரு பொம்மைக் கிருமிக்கு மாட்டிவிடுவது வெறுங்குழியாரின் வேலை. பொம்மை செல்லுக்குள் நுழையும், ஆனால் பெருகாது. நுழைந்த செல்லில் மின்மினிப் பூச்சியின் ஒளி எரியும்படி ஏற்பாடு செய்திருப்பார்கள். சின்னச் சின்னக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் செல்களைப் போட்டு, மேலே பொம்மையை ஊற்றிவைத்துவிட்டு, அப்புறம் எந்தக் குழியில் எவ்வளவு வெளிச்சம் என்று மெஷினில் பார்ப்பார்கள். ஒரு வரிசையில் மட்டும் பொம்மையே போடாமல் செல்களுக்குத் தீனியான மீடியம் என்கிற திரவத்தை மட்டும் ஊற்றி வைப்பார்கள். அதுதான் வெறும் குழி. அது இருட்டாக இருக்க வேண்டும். அதில் வெளிச்சம் தெரிந்தால் தட்டு முழுக்கக் குப்பை.

இப்படிப்பட்ட மனிதரின் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியவன் வெளியாள் இல்லை. அவருடைய சொந்தச் சகலை.

அன்று காலை குழுக்கூட்டத்தில் சகலை எழுந்து நின்று திரையில் ஒரு படத்தைப் போட்டான்.

"மேடம், இந்த நாற்பத்தொண்ணாம் நம்பர் உறை பெருவிழுங்கிக்குள்ள சும்மா நடந்து போற மாதிரி போகுது. நம்மகிட்ட இருக்கற ஆன்டிபாடி எல்லாத்தையும் போட்டுப் பார்த்தேன். எதுக்கும் அசையல."

"எல்லாத்தையுமா?" என்றார் இயக்குநர் அம்மா.

"எல்லாத்தையும் மேடம்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். அவர் லேசில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற ஆள் இல்லை. சாதாரணமாக இந்தக் கிருமி நுழைவது டி செல்களுக்குள். அவற்றின் மேல் அது பிடித்துக்கொள்ள வேண்டிய சிடி4 என்கிற கைப்பிடி ஏராளம். கண்டதையெல்லாம் விழுங்கித் தீர்க்கிற பெருவிழுங்கி செல்லில் அந்தக் கைப்பிடி கொஞ்சம்தான். கொஞ்சம் கைப்பிடியை வைத்துக்கொண்டு நுழைய வேண்டுமானால் உறை எப்போதும் அரைவாய் திறந்தே இருக்க வேண்டும். அப்படித் திறந்திருந்தால் ஆன்டிபாடிக்குக் கொண்டாட்டம். சுலபமாக உள்ளே கையை விட்டுவிடும். இதுவரை அங்கே எல்லோரும் பார்த்தது அதைத்தான். இந்த நாற்பத்தொன்றோ பெருவிழுங்கிக்குத் திறக்கிறது, ஆன்டிபாடிக்குத் திறக்க மாட்டேன் என்கிறது.

"இது எந்தப் பெட்டியில இருந்தது?"

"அண்ணாவோட பெட்டி மேடம். ஃப்ரீசர்ல கீழ்த் தட்டுல, 'உதவாது'ன்னு எழுதி வெச்சிருந்தாரே, அந்தப் பெட்டி."

அறையே சிரித்தது. வெறுங்குழியாரும் சிரித்தார். சிரிக்காமல் வேறென்ன செய்வது? அந்த உறையை டி செல்களில் போட்டுப் பார்த்து, மங்கலாக எரிகிறது, இது தேறாது என்று ஒதுக்கியது அவரேதான். சகலை கேலியாகவும் சொல்லவில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னான். கேலி செய்திருந்தால் திட்டவாவது திட்டியிருக்கலாம்.

"புது ஆன்டிபாடி குழுவை யார்கிட்ட குடுக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்," என்றார் இயக்குநர், சகலையைப் பார்த்து. "வர்ற மாநாட்டுல இதை நீங்களே பேசிட்டு வாங்க. வந்ததும் குழுவையும் நீங்களே எடுத்துக்கோங்க."

வெறுங்குழியாருக்குக் காதுக்குள் குப்பென்று அடைத்தது. அந்தக் குழு தனக்குத்தான் என்று அவர் மட்டுமல்ல, தரை துடைக்கிற அம்மாள் வரைக்கும் நம்பியிருந்தார்கள். மாடியில் ஜன்னலோர அறை எது, அதில் மேசையை எந்தப் பக்கம் போடுவது என்றுகூட அவர் மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தார். இப்போது அந்த மேசையில் சகலை உட்கார்ந்து கையைக் காலை நீட்டிக்கொண்டிருந்தான்.

இதில் கொடுமை என்னவென்றால் சகலையைச் சகலை ஆக்கியதே அவர்தான். வேறு ஊர் ஆய்வகத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவனை, பையன் தங்கமானவன், கை சுத்தம், வாய் சுத்தம் என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், சாப்பாடு போட்டு, மச்சினியின் ஜாதகம் கையில் இல்லாத குறையாக மாமனாரிடம் சிபாரிசு செய்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அவர் அதற்குப் பந்தலும் போட்டு, பந்தியும் பரிமாறினார். அதுவரை மாமனார் வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எங்க மாப்பிள்ளை விஞ்ஞானி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அது "எங்க மாப்பிள்ளைங்க" ஆயிற்று. பெருமையில் பாதி பங்கு போனால் பரவாயில்லை என்று வெறுங்குழியார் பெரிய மனது பண்ணினார்.

அன்று மாலை மாமனாரிடமிருந்து போன் வந்தது.

"சின்ன மாப்பிள்ளை என்னமோ பெருசா கண்டுபிடிச்சுட்டாராமே! மாநாட்டுல பேசப் போறாராமே! உங்களுக்குத் தெரியுமா மாப்பிள்ளை?"

"தெரியும் மாமா. நானும் அங்கதான் வேலை பார்க்கறேன்."

"ஆமாமா, ஆமாமா. நீங்களும் பக்கத்துல இருந்து பார்த்துக்கோங்க."

பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதாம்! போனை வைத்த பிறகு அவர் டம்ளரை வைத்த சத்தத்தில் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்று அவர் சொல்கிற விதத்தைப் பல வருஷமாகக் கேட்டு வருகிறவள், அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் காலை, குளித்துக்கொண்டிருக்கும்போது, கண்ணில் சோப்புடன் அவருக்கு அது தோன்றியது.

"மாடு!" என்று கத்தினார்.

"யாரைச் சொல்றீங்க?" என்றாள் மனைவி வெளியிலிருந்து.

அவர் யாரையும் சொல்லவில்லை. கால்நடைகளுக்கு வருகிற ஒரு கிருமியின் உறையைத்தான் சொன்னார். ஆய்வகத்தில் அதற்கு மாட்டு உறை என்று பெயர். அது கள்ளச் சாவி. சிடி4 இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெருவிழுங்கியோ வேறெதுவோ, எந்தச் செல்லாக இருந்தாலும் திறந்துகொண்டு போய்விடும். எச்.ஐ.வி-க்கு எதிரான ஆன்டிபாடி எதுவும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தட்டு சரியாக வேலை செய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதையும் பொம்மைக்கு மாட்டி ஒரு வரிசையில் போடுவார்கள். பெருவிழுங்கிக்குள் சும்மா நடந்து போகிறது, எந்த ஆன்டிபாடிக்கும் அசையவில்லை என்றால் அது நாற்பத்தொன்று எப்படி ஆகும்? சகலையின் குழாயில் ஒரு சொட்டு மாட்டு உறை கலந்துவிட்டது. அவ்வளவுதான் கதை!

தலையைத் துவட்டும்போது வெறுங்குழியார் பாடிக்கொண்டிருந்தார். நியாயமாகப் பார்த்தால் அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நேராகச் சகலையிடம் போய், "தம்பி, மாடு கலந்திருக்குமோன்னு ஒரு சந்தேகம், பாரு," என்று சொல்ல வேண்டும். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார். சொல்லவில்லை. தானே சோதித்து, கையும் களவுமாகப் பிடித்து, எல்லோர் முன்னாலும் வைக்க வேண்டும் என்று தோன்றியது. அதை நினைத்தபோது சந்தோஷமாக இருந்தது. மனிதர் அதை அறிவியல் ஒழுங்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

விடுமுறை நாளாகப் பார்த்து, மத்தியானத்தில், மறந்துபோன குடையை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஆய்வகத்துக்குப் போனார். ஆள் அரவம் இல்லை. ஃப்ரீசர்கள் மட்டும் உறுமிக்கொண்டிருந்தன. கண்ணாடித் தடுப்புள்ள கேபினெட்டில் உட்கார்ந்து, கைப்பிடி ஏதும் இல்லாத வெறும் செல்களைத் தட்டில் பரப்பினார். எச்.ஐ.வி உறை எதுவாக இருந்தாலும் இந்தச் செல்களுக்குள் போகவே முடியாது. மாடு மட்டும்தான் போகும். ஆக, நாற்பத்தொன்று இதில் எரிந்தால் குட்டு உடைந்தது.

கேபினெட் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'மாட்டு உறை கடைசியில்' என்று கொட்டை எழுத்தில், அவர் கையெழுத்தில். வெளுத்துப்போயிருந்தது. புதிதாக வருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்திப் படிக்கச் சொல்லுவார். மற்றதையெல்லாம் ஊற்றி முடித்து, மீடியத் தொட்டியையும் அப்புறப்படுத்திய பிறகுதான் மாட்டுக் குழாயின் மூடியைத் திறக்க வேண்டும் என்பது சட்டம்.

அன்றைக்கு அவர் மாட்டைத்தான் முதலில் திறந்தார். அந்த வெளிச்சம் எப்படி இருக்கும், பக்கத்திலேயே நாற்பத்தொன்றின் வெளிச்சம் எப்படி இருக்கும் என்கிற நினைப்பிலேயே இருந்தார். கை, திரவத்தை உறிஞ்சி ஊற்றும் பிப்பெட்டைப் பிடித்திருந்தது. மனது மாநாட்டு அரங்கில் இருந்தது. அங்கே சகலை மேடையில் வார்த்தை வராமல் நின்றான். யாரோ ஒருவர் எழுந்து, "ஏன் தம்பி, இதை வெறும் செல்லில் போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். அந்த யாரோ ஒருவருக்கு வெறுங்குழியாரின் முகம். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே தொட்டியிலிருந்து மீடியத்தை எடுத்து, நாற்பத்தொன்றைக் கலந்து ஊற்றி, வெறும் குழிகளையும் நிரப்பி, தட்டை இன்குபேட்டரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். குடையை எடுக்க மறந்துவிட்டார்.

தட்டு தயாரானதும் மெஷினில் வைத்தார். கண் நேராக நாற்பத்தொன்று இருந்த வரிசைக்குப் போனது. எரிந்திருந்தது! மாட்டு வரிசை அளவுக்கு இல்லை; ஆனால் இருட்டும் இல்லை. ஒரு சொட்டுக் கலந்தால் எவ்வளவு எரியுமோ அவ்வளவு. அவர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். உச்சி குளிர்ந்துபோயிற்று.

அன்று மாலையே குழுக்கூட்டம். இயக்குநர் அறைக்குத் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். கூட்டத்தில்தான் சொன்னார். குரலில் வருத்தம் மாதிரி ஒன்றைப் பூசிக்கொண்டு சொன்னார்.

"நம்ம பையன்ங்கறதால சொல்லாம இருக்க முடியுமா மேடம்? நாற்பத்தொண்ணை வெறும் செல்லுல போட்டுப் பார்த்தேன். எரியுது. மாடு கலந்திருக்கு."

சகலையின் முகம் வெளுத்துப்போனதை எல்லோரும் பார்த்தார்கள். இயக்குநர் அவன் பக்கம் திரும்பினார்.

"நீங்க வெறும் செல்லுல போட்டுப் பார்க்கலையா?"

"போட்டேன் மேடம். திரும்பத் திரும்பப் போட்டேன். இருட்டாதான் இருந்துச்சு. ஆனா அண்ணா பார்த்திருக்காருன்னா அது சரியாத்தான் இருக்கும். அவர் அளவுக்கு எனக்குக் கை சுத்தம் கிடையாது. நான்தான் எங்கேயோ குழப்பியிருக்கேன்."

இந்த இடத்தில் வெறுங்குழியார் நின்று யோசித்திருக்க வேண்டும். அவன் கையில் இருட்டு, தன் கையில் வெளிச்சம் என்றால் இரண்டில் ஒன்று தப்பு. எது என்று யார் சொன்னது? வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், எங்கே உன் தட்டு, கொண்டு வா என்று தலைகீழாக நின்றிருப்பார். அன்று அவர் காதில் விழுந்தது, தனக்குக் கை சுத்தம் என்று சகலையே ஊர் நடுவில் ஒப்புக்கொண்டது மட்டும்தான்.

இயக்குநர் பெருமூச்சு விட்டு வெறுங்குழியாரைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில உங்க கணக்கை ஒழுங்கா போட்டு எனக்கு அனுப்பிடுங்க. மாநாட்டுக்காரங்களுக்குப் பேச்சு இல்லைன்னு எழுதிடறேன். குழு விஷயம்... அதையும் நீங்களே பார்த்துக்கோங்க." பிறகு சகலையிடம், "அந்த நாற்பத்தொண்ணு எதுவும் ஃப்ரீசர்ல இருக்கக் கூடாது. வேற எதுலயாவது கலந்து தொலைச்சா எல்லாம் போச்சு. ஒண்ணு விடாம அழிச்சிடுங்க," என்றார்.

"அந்த நோயாளியோட இரத்தம்கூட தீர்ந்து போச்சு மேடம். மறுபடி எடுக்க முடியாது. அந்த ஆளும் இப்ப இல்ல."

"கலந்ததை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அவன் தலையாட்டினான். கூட்டம் முடிந்து போகும்போது வெறுங்குழியாரின் அருகில் வந்து, "மாநாட்டுல போய் மாட்டிக்காம காப்பாத்தினீங்க அண்ணா," என்றான். அவன் அதை நிஜமாகவே நம்பிச் சொன்னான். சனியன், கோபமாவது பட்டிருக்கலாம்.

வீட்டுக்குப் போனபோது மனைவி போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தாள். "அழாதடி, விடுடி," என்று சொல்லிவிட்டு வைத்தாள். சாப்பாட்டை எடுத்து வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"அவ அழறா."

"எதுக்கு அழணும்? தப்பு நடந்துச்சு, கண்டுபிடிச்சாச்சு. இது எங்க வேலையில சகஜம்."

"அவர் சாப்பிடவே இல்லையாம். 'அண்ணா மூஞ்சியில எப்படி முழிப்பேன்'னு சொல்லிட்டு இருக்காராம். உங்களைக் குறை சொல்லல. அத்தான் இல்லேன்னா மானமே போயிருக்கும்னு அவளும் சொல்றா."

"அதான் அவங்களே சொல்றாங்களே."

"சரி. ஒண்ணு மட்டும் கேக்கறேன். மாடிப்படி ஏறும்போது எதுக்கு விசிலடிச்சுக்கிட்டு வந்தீங்க?"

அவர் சாதத்தைப் பிசைந்தார். பிசைய வேண்டியதற்கு மேலும் பிசைந்தார்.

"இந்த வீட்டுக்கு அவர் வந்ததுல இருந்து பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்," என்றாள் அவள். "எங்கப்பா அவரைப் பாராட்டினா உங்களுக்கு மூக்கு சிவக்கும். எங்கம்மா அவருக்கு ஒரு கரண்டி கூட வெச்சா உங்க கண்ணு கரண்டியோடயே போகும். சிரிப்பா இருக்கும், விட்டுடுவேன். இன்னைக்குச் சிரிப்பா இல்லைங்க."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவருக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு வீட்டிலும் திட்டா? பொறாமை என்றே வைத்துக்கொள்ளட்டும்; பொறாமைப்படுகிறவன் சொன்னால் இருட்டு வெளிச்சமாகிவிடுமா என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டே படுத்தார். நல்ல கேள்விதான். காலையில் பதில் கிடைத்தது.

காலையில் கணக்கைப் போட உட்கார்ந்தார். இந்தக் கணக்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு குழியின் வெளிச்சத்திலிருந்தும் வெறும் குழியின் வெளிச்சத்தைக் கழிக்க வேண்டும். இருட்டிலும் மெஷின் ஏதோ துளி எண்ணத்தான் செய்யும். அந்தத் துளியை எடுத்துவிட்டால் மிச்சம்தான் நிஜம். அந்த எண்ணை எடுக்க அவர் திரையை நகர்த்தி, வெறும் குழி வரிசைக்குப் போனார்.

வெறும் குழிகள் எரிந்திருந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். நாற்பத்தொன்றின் வரிசையில் எவ்வளவோ, பொம்மையே போடாத வெறும் வரிசையிலும் அவ்வளவு. இதிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. அப்படியானால் மாடு சகலையின் குழாயில் இல்லை. இரண்டு வரிசைக்கும் பொதுவாகப் போனது ஒன்றே ஒன்றுதான்: மீடியம். மாட்டைத் தொட்ட டிப்பை, அதாவது பிப்பெட்டின் கழற்றி மாட்டும் நுனியை, மாற்றாமல் அதே டிப்பை மீடியத் தொட்டிக்குள் விட்டிருக்கிறார். விட்டது இப்போது ஞாபகத்தில் இல்லை. மேடையில் சகலை திணறியது மட்டும் ஒன்றுவிடாமல் ஞாபகம் இருந்தது.

வெறும் குழியைப் பார்த்தியா என்று ஊரையே விரட்டிய மனிதர் வெறும் குழியைப் பார்க்கவில்லை. நாற்பத்தொன்று நிஜம். சகலை சொன்னது ஒவ்வொன்றும் நிஜம். பெருவிழுங்கிக்குத் திறந்து, ஆன்டிபாடிக்கு மூடிக்கொள்கிற ஒரு உறை. அது எப்படி அப்படிச் செய்கிறது என்று தெரிந்தால், நாளைக்குத் தடுப்பூசி செய்கிறவன் எந்தக் கதவை அடைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வான். அது அவருடைய பெட்டியில், 'உதவாது' என்கிற அவருடைய கையெழுத்துக்குக் கீழே கிடந்தது.

உடனே இன்னொன்றும் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் பொய். இந்தத் தட்டை யாரும் பார்க்கவில்லை. வெறும் வரிசையில் ஏதோ ஒரு சின்ன எண்ணைத் தட்டிவிட்டுக் கழித்து அனுப்பினால் இயக்குநர் கையெழுத்துப் போடுவார். வெறுங்குழியாரின் வெறும் குழியை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? நாற்பத்தொன்று அழிந்த பிறகு சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. மாடி அறை, ஜன்னலோர மேசை, "எங்க பெரிய மாப்பிள்ளை" என்கிற மாமனாரின் குரல், எல்லாம் ஒரு எண் தூரத்தில் நின்றன. விரல் விசைப்பலகையின் மேல் இருந்தது. ஒரு பூஜ்யத்தைக்கூட அடித்தார். திரையில் அது சுத்தமாக, அழகாக இருந்தது.

பூஜ்யத்தை அழித்தார். அழித்த கையோடு இன்னொரு நினைப்பு வந்து நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அழிச்சிடுங்க என்று சொன்னால் சகலை தள்ளிப்போடுகிறவன் இல்லை.

வராந்தாவில் அவர் ஓடியதை அங்கே யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள், "வழுக்கும் சார், வழுக்கும்!" என்று கத்தினார். வழுக்கத்தான் செய்தது, சுவரைப் பிடித்துக்கொண்டார். கழிவையெல்லாம் ஆவியில் அவித்துக் கொல்லும் ஆட்டோகிளேவ் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே பெரிய இரும்பு அடுப்பு மாதிரி அந்த மெஷின் வாயைத் திறந்துகொண்டு நிற்க, சகலை கையுறை போட்டுக்கொண்டு ஒரு தடித்த பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தான். ராத்திரி தூங்காத கண். பைக்குள் அந்தப் பெட்டி தெரிந்தது. உதவாது.

"கட்டாதே. கொடு இங்க."

"எல்லாத்தையும் எடுத்துட்டேன் அண்ணா. டி.என்.ஏ, பொம்மை, எல்லாம் இதுலதான் இருக்கு. ஒண்ணுகூட விடல."

"கொடுன்னு சொல்றேன்ல!"

பையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். மூச்சு வாங்கியது.

"இதுல மாடு இல்ல," என்றார். "மாடு என் கையில இருந்துச்சு."

சகலைக்குப் புரியவில்லை. அவரையே பார்த்தான். பிறகு, வருஷக்கணக்கில் அந்தக் கேள்வியை அவரிடம் வாங்கி வாங்கிப் பழகியவனின் வாய், கேலி எதுவும் இல்லாமல், தானாகக் கேட்டது:

"வெறும் குழியைப் பார்த்தீங்களா அண்ணா?"

"இப்பதான் பார்த்தேன். எரியுது. ரெண்டும் ஒரே அளவு எரியுது. மாட்டை முதல்ல திறந்தேன். டிப்பை மாத்தல. உன் இருட்டுதான் சரி. நாற்பத்தொண்ணு நிஜம்."

அந்த முகத்தில் வெளிச்சம் வந்ததை வெறுங்குழியார் நேருக்கு நேர் நின்று பார்த்தார். செத்தவன் எழுந்த மாதிரி இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பார்க்கப் பார்க்க வயிறு பழையபடி எரியத் தொடங்கியது. அது எங்கேயும் போய்விடவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது.

சகலை உடனே தன்னைச் சமாளித்துக்கொண்டு, கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணா, மேடம்கிட்ட நான் பேசிக்கறேன். மெஷின்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிடலாம். உங்க பேரு எதுக்கு அடிபடணும்? வீட்டுக்குக்கூட தெரிய வேண்டாம்."

இதுதான் இவனிடம் பெரிய தொல்லை. நல்லவனாக இருந்தே மனிதனைக் கொல்லுவான்.

"மெஷின் மேல பழியைப் போடாதே," என்றார் வெறுங்குழியார். "அது பாவம். இருந்ததை இருந்தபடி சொல்லுச்சு. நான்தான் வேணுங்கறதை மட்டும் பார்த்தேன்."

"அண்ணா, குழு உங்களுக்குன்னு மேடம் நேத்துதான்..."

"தெரியும்."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சொல்லலாம். நானும் வரேன்."

அவர் பையை அவன் கையில் திணித்தார். "இதைக் கொண்டு போய் ஃப்ரீசர்ல வை முதல்ல. உருகிடப் போகுது. பெட்டி மேல எழுதியிருக்கறதையும் அழிச்சிடு."

சொல்லிவிட்டு வராந்தாவில் இறங்கி நடந்தார். இயக்குநரின் அறை மறுகோடியில் இருந்தது. பின்னால் ஃப்ரீசர் கதவைத் திறந்து மூடும் சத்தமும், "அண்ணா, நில்லுங்க, நானும் வந்துட்டேன்," என்கிற குரலும் கேட்டன. அவன் ஓடி வருகிறான் என்று தெரிந்தது. விட்டால் தனக்கு முன்னால் உள்ளே புகுந்து, தப்பு தன்னுடையது என்று அதையும் அவனே சொல்லிப் பெயர் வாங்கிவிடுவான். இதிலாவது அவனை முந்திவிட வேண்டும் என்று வெறுங்குழியார், ஈரத் தரையில் வழுக்கியதையும் பொருட்படுத்தாமல், நடையை ஓட்டமாக மாற்றினார்.